மெஸ்ஸுக்காரம்மாவைக் கொன்றது

என் மனைவியிடம் நான் சொன்ன பொய்களில் பெரியது ஒரு நாவலைப் பற்றியது. மூன்று பாகம் கொண்ட நாவல். அதில் வருகிற பெண் மூன்று பாகத்திலும் உயிரோடு இருக்கிறாள். இரண்டாம் பாகத்தின் நடுவிலேயே அவள் செத்துவிட்டாள் என்று நான் வாசித்துக் காட்டினேன். எனக்குச் சலித்துப்போயிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. எழுதியவர் யார் என்று சொல்லப்போவதில்லை. அவர்மேல் தப்பில்லை.

வாசித்துக் காட்டும் நிலைமை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மாநில எல்லை தாண்டி மலையாள மண்ணில், எருத்தேன்பதிக்குப் பக்கம். வீட்டிலும் தோட்டத்திலும் கடையிலும் பேச்சு தமிழ்தான். கரண்ட் பில்லும் பஞ்சாயத்து ரசீதும் மலையாளத்தில் வரும். நான் தமிழ் மீடியத்தில் படித்து, கோயமுத்தூரில் எம்.ஏ. முடித்து, தமிழ் மீடியப் பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மலையாளம் தடையில்லாமல் பேசுவேன். படிப்பது பஸ் போர்டு அளவுக்குத்தான். என் மனைவி கொல்லங்கோட்டுப் பக்கத்தவள். அவள் ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. பேசுவதும் திட்டுவதும் தமிழில், படிப்பது மலையாளத்தில். தமிழில் கையெழுத்துப் போடக்கூட அவளுக்கு வராது. ஆக, வீட்டில் படித்தவர்கள் இருவர் இருந்தும், ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் எட்டிப் பார்த்துப் புண்ணியமில்லை. எங்கள் பக்கத்தில் இது அதிசயம் கிடையாது. எனக்கு இது எவ்வளவு வசதி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்து டீ போடும் வரைக்கும் அவளுக்கு நாவல் வாசிப்பது என்று வழக்கமாகிவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பாள், அல்லது முருங்கைக் கீரை உருவுவாள். கேட்கிறாளா என்று சந்தேகப்பட்டு நிறுத்தினால் "ம்" என்பாள். மலையாளத்தில் இல்லாத நாவலா, அதை நீயே படிக்கலாமே என்று ஒரு முறை கேட்டேன்.

"மலையாளத்துல எழவு சேதி படிக்கலாமுங்க, கரண்ட் பில்லு படிக்கலாமுங்க. அழுகோணும்னா நம்ம பேச்சுல இருக்கோணும்" என்றாள்.

பொழுதோடு பால் சொசைட்டிக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போவாள். எங்களுக்கு ஒரே பசு. பாலைவிட வரிசைதான் அவளுக்கு முக்கியம். மத்தியானம் நான் வாசித்ததை வரிசை நகர்வதற்குள் அங்கிருக்கும் பெண்களுக்குச் சொல்லிவிடுவாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நம்பினேன். நான் குரலை ஏற்றி இறக்குவதில்லை. அவள் ஏற்றி இறக்காமல் உப்புகூடக் கேட்க மாட்டாள்.

அந்த நாவலில் ஒரு துறைமுக ஊர். அங்கே மெஸ் நடத்தும் ஒருத்தி. புருஷன் இல்லை. சின்ன வயதில் காணாமல் போன தம்பி எப்போதாவது பசியோடு வந்து நிற்பான் என்று தினமும் ஓர் இலைக்குச் சோறு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள். இது என் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. பால் சொசைட்டியில் அதைவிட அதிகமாகப் பிடித்துப்போயிற்று. எருமை வைத்திருக்கும் ஓர் அம்மாள் உண்டு, எங்கள் வயதுதான், ஊரில் யாருக்கும் அந்த வாய்க்கு முன்னால் நிற்க முடியாது. அவரே என் மனைவியைத் தூரத்தில் கண்டதும், "தம்பி வந்துட்டானா?" என்று கேட்பாராம்.

தம்பி வருவான் என்பது எனக்கு முதல் பாகத்திலேயே தெரிந்துவிட்டது. அதுதான் என் பிரச்சினை.

நான் நாவல் படிக்க ஆரம்பித்தது மாட்டுப்பட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முதல் வேலை பார்த்தபோது. அங்கே மழை பிடித்தால் விடாது. ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் தெரியாது, பள்ளிக்கூடமும் தெரியாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் படித்தேன். பிறகு மழையில்லாத ஊருக்கு வந்தும் பழக்கம் விடவில்லை. பல பத்தாண்டுகள் நாவலை நம்பியே என் மத்தியானங்கள் போயின. எழுபதைத் தொட்டபோது அது கழன்றுகொள்ள ஆரம்பித்தது. முதல் அத்தியாயத்தில் யாராவது இருமினால் எந்த அத்தியாயத்தில் சாவார் என்று தெரிந்தது. ரயிலில் எதிர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் யாருக்கு அப்பா என்று தெரிந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த கட்டம், எனக்குத் தெரியாத இடங்களிலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றாமல் போனது. இந்த ஆட்கள் எல்லாரும் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து உண்டாக்கியவர்கள் என்ற விஷயம் என் மனதில் பட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதுவரை உறுத்தியதில்லை.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்போ வாசிக்க வேண்டாமுங்க" என்று விட்டிருப்பாள், ஆனால் மத்தியானம் முழுக்க என்ன செய்வதென்று இருவருக்கும் தெரிந்திருக்காது. நான் பக்கங்களைத் தாண்டத் தொடங்கினேன். முதலில் வர்ணனை, பிறகு சமையல், பிறகு சின்னப் பாத்திரங்கள். மெஸ்ஸில் பரிமாறுகிற ஒரு பையனைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அவன் எங்கே என்று அவள் கேட்டாள். ஊருக்குப் போய்விட்டான் என்றேன்.

பங்குனி மாதம். ஃபேன் காற்றே சுட்டது. புதிய அத்தியாயம் கடலை வர்ணித்து ஆரம்பித்தது. நாலு பக்கம். கடலை நான் பார்த்திருக்கிறேன். விரலை வரியின் மேல் வைத்தபடியே, "அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் கண்டது" என்றேன். அப்படி ஒரு வாக்கியம் அங்கே இல்லை. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் காய்ச்சலைக் கூட்டினேன். டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு பத்திக்குள் முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

மனைவியின் கை புளியில் நின்றுவிட்டது.

"மூணாவது புஸ்தகம் இருக்குதுங்களே?"

"அது வேற குடும்பத்துக் கதை."

"தம்பி?"

"வரலை."

"அந்த எலைச் சோறு?"

"அதைப் பத்தி எழுதலை."

அவள் புளித் தட்டை ஓரமாக வைத்தாள். எங்கள் பக்கத்தில் உறம்பரை என்கிற சொந்தக்காரர் வீட்டில் சாவு என்று சேதி வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுத்த வேலை. "சித்தெ இருங்க, தலைக்கு ஊத்திட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போனாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் ஈரத்தலையோடு பால் சொசைட்டிக்குப் போய்ச் சேதி சொன்னாள். எருமைக்கார அம்மாள், எழுதினவன் கை அழுகிப்போகும் என்றாராம். எழுதியவர் கையைச் சொன்னாரா, கொன்றவன் கையைச் சொன்னாரா என்று எனக்குக் கொஞ்ச நாள் யோசனை இருந்தது. மூன்று பாகத்தையும் வாயனசாலையில் திருப்பிக் கொடுத்தேன். நூலகத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. தமிழுக்கு அங்கே ஒரு அலமாரி. அதைத் திறக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணம்தான் என்னை மாட்டிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள். அவளும் பாலோடு வரிசையில் நின்று, மெஸ்ஸுக்காரம்மா செத்ததைக் கேட்டவள். பாதியில் வந்து சேர்ந்ததால் முதலிலிருந்து படிக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வாயனசாலைக்குப் போய் மூன்று பாகத்தையும் எடுத்துப் படித்துவிட்டு, ஒரு நாள் வரிசையில் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள்: "அக்கா, அந்தம்மா சாகவே இல்லீங்களே. மூணாம் பாகத்துல இன்னொரு மெஸ் தொறக்கறாங்க. தம்பியும் வந்தர்றாருங்க."

அன்று மனைவி வீட்டுக்கு வந்து காலித் தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மெஸ்ஸுக்காரம்மா சாகலையாமாங்க?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான், "பதிப்புக்குப் பதிப்பு மாறும்" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போனாள்.

பால் சொசைட்டியில் அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை வாயனசாலைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் அம்மாவும் அங்கே பால் ஊற்றுகிறவர். வீட்டுக்காரர் வாசிக்கும்போது கண் அசந்துவிட்டேன், மிச்சத்தைக் கனவில் கண்டிருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எருமைக்கார அம்மாள் விடவில்லை. "கனாக் கண்டே ஆளக் கொல்றவகிட்ட இனிமே யாரும் கதை கேக்காதீங்கடி. நாளைக்கு நம்மளக் கனாக் கண்டாள்னா என்ன பண்றது?" வரிசை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அங்கே கதை சொல்வது பொள்ளாச்சி மருமகள் என்றாயிற்று. என் மனைவி வரிசை கலைந்த பிறகு கடைசி ஆளாகப் போய் ஊற்றிவிட்டு வரத் தொடங்கினாள். அளக்கிறவர் தினமும் முணுமுணுத்தாராம்.

ஒரு மத்தியானம் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சொன்னாள்: "எனக்கினிப் படிச்சுக் காட்ட வேண்டாமுங்க. உங்க கண்ணுக்கு எதுக்குச் சிரமம்."

சிரமம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். அவள் சமையல்கட்டில், நான் முன்னறையில். கையில் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. சந்தோஷமாகப் படிக்கக்கூடிய ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்துவிட்டால் அதை அவளுக்கும் வாசித்துக் காட்டலாம், பொய் சொல்ல இடமில்லாத புத்தகமாக இருந்தால் நம்புவாள் என்பது என் கணக்கு.

பயணக் கட்டுரைகளில் ஒருவர் கிளம்பினார், சாப்பிட்டார், திரும்பி வந்தார். சுயசரிதைகளில் எல்லாரும் சின்ன வயதில் ஏழைகள், பெரிய வயதில் நல்லவர்கள். சரித்திரத்தில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் தலைக்கு ஊற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை. நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று, அவை மிகவும் தூரத்தில் இருப்பதாகச் சொன்னது. உடும்பஞ்சோலையில் இருக்கும் மைத்துனர் ஏலக்காய்ச் சாகுபடி பற்றி ஒரு நூலைக் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கம் ஏலக்காய் வராது என்பதால் கவலையில்லாமல் படிக்க முடிந்தது. பாதிக்கு மேல் முடியவில்லை. பிரஷர் குக்கரோடு வந்த கையேட்டையும் படித்தேன். நடை நன்றாக இருந்தது.

கொஞ்சமாவது பிடித்தது கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் தமிழில் கொடுத்த துண்டுப் பிரசுரம். தென்னையில் விழும் காண்டாமிருக வண்டைப் பற்றியது. எடுத்த எடுப்பில் குற்றவாளி யார் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். மறைக்கிற வேலையே இல்லை. எங்கள் தோப்பிலும் அந்த வண்டு உண்டு. உற்சாகமாகி, சமையல்கட்டு வாசலில் நின்று மனைவிக்குச் சத்தமாக வாசித்தேன். எருக்குழியில் புழு வளர்வது, குருத்தைத் துளைப்பது, கடைசியில் மருந்தில் சாவது வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த வண்டாவது நெசமாச் சாகுமுங்களா?" என்றாள்.

அன்றைக்குத்தான், அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். பதிப்பு மாறவில்லை, காய்ச்சல் நான் போட்டது, எனக்குக் கதைகள் மேல் பிடிப்பு விட்டுப்போய்விட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் அவளைக் கொன்றுவிட்டேன் என்றேன். அவள் கடுகைத் தாளித்துக் கொட்டி முடித்தாள். மூன்றாம் பாகத்தை எடுத்து வருகிறேன், ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன், கடலைக்கூட விட மாட்டேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாமுங்க. எனக்கு அவ செத்துட்டா. தலைக்கு ஊத்தியாச்சு. ஊத்துனதுக்கப்பறம் எந்திரிச்சு வந்தா நானென்ன பண்றது?"

நியாயம்தான். வீட்டுக்குள் சரிசெய்ய முடியாததை வெளியிலாவது சரிசெய்யலாம் என்று அடுத்த நாள் தூக்குப்போசியை நானே எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன். வரிசை நிறைய இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். நான் அந்த வழியில் போகாமல் நடுவிலேயே நின்று, மெஸ்ஸுக்காரம்மாவைச் சாகடித்தது நான்தான், என் மனைவி கண் அசரவும் இல்லை, கனவு காணவும் இல்லை என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிரேயரில் பேசுகிற குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

எருமைக்கார அம்மாள்தான் கேட்டார். "எதுக்குங்க வாத்தியாரே கொன்னீங்க?"

"சலிச்சுப்போச்சுங்க."

அவர் தன் போசியைக் கீழே வைத்தார். "நல்லவேளைங்க, வாத்தியாரம்மாவுக்குக் காச்சல் கீச்சல் வரல" என்றார். பிறகு சிரித்தார்கள்.

கணக்கு நேராயிற்று என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மனைவி இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போடவில்லை. "தூங்குமூஞ்சின்னு பேரு இருந்துச்சு, அத நானே வெச்சுக்கிட்டது. இப்போ ஊட்டுக்காரன் ஏமாத்துனவன்னு பேரு. அத நீங்க போய் வாங்கிட்டு வந்துட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு பாலுக்கு அவள் போகவே இல்லை. நான்தான் போனேன். வரிசையில் என் பின்னால் நிற்கும் பொள்ளாச்சி மருமகள் ஒவ்வொரு நாளும் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று வருத்தம் தெரிவித்தாள். இல்லையம்மா, என்னால்தான் என்று நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம். என்னிடம் படிக்க ஒன்றும் இல்லை. மனைவி தரையில் மலையாளப் பேப்பரை விரித்து, வழக்கம்போலச் சரமப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் செத்தவர்களின் படங்களைக் கட்டம் கட்டமாகப் போடுகிற பக்கம். இந்த நாட்டில் தலைப்புச் செய்தி படிக்காதவர்கள் உண்டு, அதைப் படிக்காதவர்கள் கிடையாது. அவளிடம் கேட்டேன், எனக்கு ஏதாவது படித்துக் காட்டு என்று.

"இதுல கதை இல்லீங்க. எழவு சேதிதான்."

"அதையே படி அம்மணி."

அவள் மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் படித்தாள். ஆலத்தூரில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். வயது, பிள்ளைகள், மருமக்கள், சம்ஸ்காரம் என்கிற தகனம் எத்தனை மணிக்கு. அடுத்த நாள் நெம்மாறையில் ஒரு அரிசி மில்காரர். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரு வரப்புக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததும், கடைசியில் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிப் போனதும் வந்தது. பேப்பரில் இதெல்லாம் போடுகிறார்களா என்று நினைத்தேன். கட்டத்தைப் பார்த்தால் நாலு வரிதான் இருந்தது. அவளோ டீ ஆறும் வரை படித்தாள். மலையாளம் சுருக்கமான மொழி என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த அண்ணன் ஞாபகமாகவே இருந்தது. இளநீரை அந்த மில்காரர் குடித்தாரா இல்லையா என்று பால் வரிசையில் நின்று யோசித்தேன். மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். ஒரு நாள் பாதியில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்குங்க" என்றாள். இழவுச் சேதிக்கு ஏது மிச்சம் என்று நான் கேட்கவில்லை. பேப்பரை எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம், யாரிடமாவது கொடுத்துக் கேட்கலாம். அதையும் செய்யவில்லை.

போன மாதம் ஒரு நாள், டீக்குப் பிறகு, சரமப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படக்கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு படித்தாள்.

"கொச்சிப் பக்கமுங்க. துறைமுகத்துல மெஸ் வெச்சிருந்த அம்மா. வயசு தொண்ணூறு. காச்சல் இல்ல, ஒண்ணுமில்ல. சோத்தப் போட்டுட்டு அடுப்ப அணைச்சுட்டுப் படுத்தவங்க, தூக்கத்துலயே போயிட்டாங்க."

நான் பேப்பரை எட்டிப் பார்த்தேன். அவள் விரல் வைத்திருந்த கட்டத்தில் மீசை வைத்த ஓர் ஆளின் படம் இருந்தது.

"தம்பி வந்தானா?" என்று கேட்டேன்.

"வந்தானுங்க. நெம்ப வருசம் முன்னாலயே வந்துட்டான். அவந்தான் கொள்ளி வெச்சது."

"அந்த எலைச் சோறு?"

"அவன் வந்ததுக்கப்பறமும் எடுத்து வெச்சுட்டுத்தான் இருந்தாங்களாமா. பழகிப்போச்சு."

பேப்பரை நான்காக மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள். எழுந்து போய்க் கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"இந்தத் தடவை நீங்க போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க."

வெளியே மழை. சுடுதண்ணீர் வைத்துத் தரட்டுமா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குளியலறைக்குப் போய் ஊற்றிக்கொண்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. தூக்குப்போசியும் இல்லை. வரிசை இருக்கும் நேரம்தான்.